குப்பைமலை அடிவாரத்தில் பத்து நாள்

எங்கள் வீடு பத்தாவது மாடியில் இருக்கிறது. சமையலறையின் மூலையில் குப்பை போடும் குழாய் உண்டு. அதன் மூடியைத் திறந்து பையைப் போட்டால், அது மோதி மோதிக் கீழே இறங்கும் சத்தம் சில நொடிகளுக்குக் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. நான் கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அந்தச் சத்தத்தோடு குப்பையின் கதை முடிந்துவிடுகிறது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். 2009ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறை அந்த எண்ணத்தை மாற்றியது.

அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினேன். வயது இருபத்தெட்டு. பள்ளியின் வெளிநாட்டுத் தொண்டூழியத் திட்டத்தின்கீழ் ஆசிரியர் அறுவரும் முன்னாள் மாணவர் எண்மருமாக நாங்கள் பதினான்கு பேர் இந்தோனேசியாவுக்குப் புறப்பட்டோம். ஜகார்த்தாவை அடுத்த பெக்காசி நகரில் பந்தார் கெபாங் என்ற பகுதி இருக்கிறது. தலைநகரின் குப்பையில் பெரும்பகுதி அங்குதான் கொட்டப்படுகிறது. அந்தக் குப்பையைக் கிளறிப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக உள்ளூர் ஆசிரியர் ஒருவர் சிறிய பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். பத்து நாள் அவருக்கு உதவுவதே எங்கள் பணி.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று எங்கள் மாணவர்கள் சிற்றுண்டிச்சாலையில் பலகாரம் விற்றார்கள், கார் கழுவினார்கள், மூவாயிரம் வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் தடித்த கையுறைகள் அறுபது சோடி, ரப்பர் காலணிகள், புத்தகங்கள், வண்ணப் பென்சில்கள் வாங்கினோம். மீதி எண்ணூறு வெள்ளியைச் சாயம் வாங்க ஒதுக்கினோம். பள்ளிக்கூடச் சுவரில் கடலும் மீன்களும் பவளப்பாறையும் வரைவதாகத் திட்டம். உயர்நிலை இரண்டில் படித்த மாணவி ஒருத்தி அந்தப் படத்தைத் தாளில் அழகாக வரைந்து கொடுத்திருந்தாள். “வரைந்து முடித்ததும் மறக்காமல் படம் எடுத்து வாருங்கள்” என்று பலமுறை சொல்லியனுப்பினாள்.

பந்தார் கெபாங்கை நெருங்குவதற்கு முன்பே அதன் வாடை எங்கள் வேனுக்குள் நுழைந்துவிட்டது. சாலையோரம் குப்பை லாரிகள் வரிசைபிடித்து நின்றன. தொலைவில் குன்று ஒன்று தெரிந்தது. அதன் உச்சியில் மண்வாரி இயந்திரங்கள் நகர்ந்தன. அவற்றைச் சுற்றி எறும்புகளைப்போல மனிதர்கள் தெரிந்தார்கள். அருகில் போனபோதுதான் அந்தக் குன்று முழுவதும் குப்பை என்பது புரிந்தது.

பந்தார் கெபாங் குப்பைக் கிடங்கு 1989ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. அதன் பரப்பு 100 ஹெக்டருக்கு மேல். அண்மைக் காலத்தில் நாள்தோறும் 7,000 டன்னுக்கும் அதிகமான குப்பை அங்கு வந்து சேர்கிறது. சில இடங்களில் அதன் உயரம் 40 மீட்டரைத் தாண்டிவிட்டது. நம் வீவக அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஏறக்குறைய பதினான்கு மாடி உயரம் அது. அதை நம்பிப் பல ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்களைப் ‘பெமுலுங்’ என்று அழைப்பார்கள். குப்பை பொறுக்குபவர் என்று பொருள். பலர் இந்திரமாயு, கரவாங் போன்ற ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

நாங்கள் மேலே ஏறக்கூடாது என்று உள்ளூர் ஆசிரியர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த மலையின் ஒரு பகுதி சரிந்து குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த மூவர் மாண்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி, பாண்டுங் நகருக்கு அருகிலுள்ள லெவிகாஜா குப்பைக் கிடங்கு பெருமழைக்குப் பிறகு இடிந்து விழுந்தது. அதில் 140க்கும் மேற்பட்டோர் உயிரோடு புதைந்தார்கள். அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் வாயு உண்டாகிறது. மழைநீர் ஊறும்போது குப்பை கனத்துப் பிடிப்பை இழக்கிறது. அந்நாளை நினைவுகூர்ந்து, இந்தோனேசியா பிப்ரவரி 21ஐத் தேசியக் குப்பை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறது.

முதல் நாள் மாலை கையுறைகளையும் காலணிகளையும் வழங்கினோம். எல்லாரும் இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு மனம் நிறைந்திருந்தது. மறுநாள் காலையில் அவர்கள் வேலைக்குப் போவதைப் பார்க்க நின்றேன். முதுகில் பெரிய மூங்கில் கூடை, கையில் நுனி வளைந்த இரும்புக் கொக்கி. காலணிகளைப் பலர் அணிந்திருந்தார்கள். கையுறையையோ இரண்டு மூன்று பேரைத் தவிர வேறு யாரும் அணியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த குடிசையில் ஓர் அம்மா இருந்தார். நான் அவரை ‘இபு’ என்று அழைத்தேன். அவர் என்னை ‘இபு குரு’ என்றார். எனக்குத் தெரிந்த மலாய்மொழி கைகொடுத்ததால் எங்களுக்குள் பேச்சு தட்டுத்தடுமாறி ஓடியது. அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் உட்பட எல்லாப் பிள்ளைகளும் என்னைக் ‘காக்கா’ என்று கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அதற்கு அக்கா என்று பொருள். தமிழில் அது எந்தப் பறவையின் பெயர் என்பதைக் கையை அசைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே சிறுவர்கள் கரைவார்கள்.

கையுறையைப் பற்றி அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு குடிசைக்கு முன்னால் குவிந்திருந்த பிளாஸ்டிக்கிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

“கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இபு குரு” என்றார். ஒவ்வொன்றாக என் கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். ஒன்று மொறுமொறுவென்று சத்தமிட்டது. மற்றொன்று துணியைப்போல ஓசையில்லாமல் மடங்கியது.

“சத்தம் போடுவது ஒரு விலை, போடாதது வேறு விலை. கண்ணைவிட விரல்தான் எங்களுக்குச் சரியாகச் சொல்லும். கையுறை போட்டால் விரல் ஊமையாகிவிடும்” என்றார்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தவள் நான். கையுறை வாங்குவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு என்ன தேவை என்பது எனக்குத் தெரியும் என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அந்தத் தவற்றைச் சரிக்கட்ட நினைத்து அடுத்த தவற்றைச் செய்தேன். அன்று மாலை அவரோடு உட்கார்ந்து, “நானும் பிரித்துத் தருகிறேன்” என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. இரண்டு மணி நேரம் முதுகு வலிக்க வலிக்க உட்கார்ந்து ஒரு மூட்டை நிறையப் பிரித்துக் கட்டினேன். அவர் எனக்கு இனிப்புத் தேநீர் கொடுத்தார். கோப்பையின் விளிம்பில் ஈ மொய்த்தது. ஒரு கணம் தயங்கினேன். பிறகு குடித்து முடித்தேன்.

இரவு எட்டு மணிக்கு மேல், மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்தேன். மங்கிய விளக்கு வெளிச்சத்தில் தாயும் மகளும் நான் கட்டிய மூட்டையை அவிழ்த்துக் கொட்டி மறுபடியும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அந்த அம்மா எழுந்து நின்றார். ஏதோ குற்றம் செய்தவரைப்போல் சிரித்தார். மகள்தான் உண்மையைச் சொன்னாள்.

“வகைகள் கலந்திருந்தால் முதலாளி மூட்டை முழுவதற்கும் குறைந்த விலைதான் கொடுப்பார், காக்கா. நாளைக் காலையில் எடை போட வேண்டும்.”

அதிகாலையிலிருந்து மலையேறி உழைத்தவர்களின் தூக்கத்தை என் உதவி பறித்திருந்தது. அவர்களோடு உட்கார்ந்தேன், பிரிக்கவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இரவில்தான் அவர்களுடைய தொழில் எப்படி நடக்கிறது என்று அறிந்துகொண்டேன். பிரித்த பொருள்களை வாங்கும் முதலாளியின் நிலத்தில்தான் அவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். கையில் காசு இல்லாதபோது கடன் கொடுப்பவரும் அவர்தான். அதனால் வேறு யாருக்கும் விற்க முடியாது. விலையை அவரே சொல்வார். கிடங்கைச் சுற்றியுள்ள கிராமங்களில் பதிவுபெற்ற குடியிருப்பாளர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு வழங்குகிறது. மக்கள் அதனை ‘உவாங் பாவு’ என்கிறார்கள். மலாய் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும், நாற்றப் பணம்! வெளியூரிலிருந்து வந்து குப்பையின் நடுவிலேயே குடியிருந்த அந்த அம்மாவுக்கோ அந்தப் பணமும் இல்லை.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதலாளியின் குறிப்பேட்டை வாசித்துக் கணக்குச் சரிபார்ப்பவள் மகள்தான். எடையை விலையால் பெருக்கி, கடனைக் கழித்து, மீதியை மனத்திலேயே சொல்லிவிடுவாள். அவள் தொடக்கப்பள்ளிப் பாடங்களை அந்தச் சிறிய பள்ளிக்கூடத்தில் முடித்திருந்தாள். மேலே படிக்கப் போகவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணை ஏன் படிக்க அனுப்பவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அந்த அம்மாவிடம் கேட்டும்விட்டேன். “அவளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்புங்கள், இபு. படித்தால்தானே இதைவிட்டு வெளியேற முடியும்?”

அவர் கையிலிருந்த கொக்கியைக் கீழே வைத்தார். “இபு குரு, நீங்கள் இன்னும் ஐந்து நாளில் போய்விடுவீர்கள். அனுப்பு என்று சொல்ல உங்களால் முடியும். பள்ளிக்கூடத்தில் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழ். அது இவளுக்கு இல்லை. வாங்க வேண்டுமானால் நாங்கள் இந்திரமாயுவுக்குப் போக வேண்டும். மூன்று நான்கு நாள் கூலி போகும். பேருந்துச் செலவு இருக்கிறது. ஒருமுறை போனோம், ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் இவளை அனுப்பவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.”

என்னால் பதில் பேச முடியவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை. என்னைத் தலைகுனிய வைத்ததும் அதுதான்.

அன்றிரவு உள்ளூர் ஆசிரியரிடம் பேசினேன். தம் பள்ளியில் மேலும் நான்கு பிள்ளைகள் இதே நிலையில் இருப்பதாக அவர் சொன்னார். “சுவரில் வரைவது நல்லதுதான். பிள்ளைகள் மகிழ்வார்கள். ஆனால், நீங்கள் என்னைக் கேட்பதால் சொல்கிறேன்: எனக்கு வேண்டியது ஐந்து தாய்மார்களுக்குப் பேருந்துக் கட்டணமும், அவர்கள் இழக்கப்போகும் கூலியும், கூடப் போய் விண்ணப்பம் நிரப்ப ஓர் ஆளும்தான்” என்றார்.

எங்கள் குழு கூடிப் பேசியது. பேச்சு எளிதாக இருக்கவில்லை. “சாயத்துக்கு என்று வாங்கிய பணத்தை வேறு எதற்கும் செலவழிக்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். “மாணவர்கள் படத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பார்களே! பேருந்துச் சீட்டையா காட்டுவது?” என்றார் மற்றொருவர். அவர்கள் கேட்டது நியாயமே. பிறர் கொடுத்த பணத்துக்கு நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டும். கடைசியில் முன்னாள் மாணவர் ஒருவர், “நாம் இங்கு வந்தது சுவருக்காகவா?” என்று கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, பள்ளிக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி, முதல்வரின் அனுமதி பெற்று, அந்த எண்ணூறு வெள்ளியை உள்ளூர் ஆசிரியரிடம் ஒப்படைத்தோம்.

மிச்ச நாள்களில் நான் செய்தது பெரும்பாலும் எழுத்து வேலை. ஐந்து குடும்பங்களிடமும் என்னென்ன தாள்கள் இருக்கின்றன, எவை இல்லை என்று கேட்டு, ஆசிரியரின் உதவியோடு பட்டியல் போட்டேன். பெற்றோரின் திருமணப் பதிவு, குடும்ப அட்டை, ஊர்த்தலைவரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். படம் எடுத்துக் காட்டும்படியான வேலையாக அது இல்லை. நாங்கள் விமானம் ஏறியபோது அந்தத் தாய்மார்கள் இன்னும் ஊருக்குப் புறப்படக்கூட இல்லை.

பள்ளி தொடங்கியதும் சபைக்கூடலில் நடந்ததை அப்படியே சொன்னேன். கையுறையைப் பற்றியும் மறைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் படம் வரைந்து கொடுத்த மாணவி என்னிடம் வந்தாள். அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அந்த அக்காவுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டதா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “கேட்டுச் சொல்லுங்கள்” என்றாள்.

கேட்டேன். சில மாதங்களுக்குப் பிறகு உள்ளூர் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. ஐவரில் மூவருக்குச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அவர்கள் ஜூலை மாதம் பள்ளியில் சேரவிருந்தார்கள். அந்தப் பெண் அவர்களுள் ஒருத்தி அல்லள். அவளுடைய பெற்றோரின் திருமணம் முறையாகப் பதிவாகவில்லை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை மாணவியிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள். அவ்வாண்டு அவளும் அவள் தோழிகளும் மீண்டும் பலகாரம் விற்றார்கள். இம்முறை எந்தப் பொருளும் வாங்கவில்லை. என்ன தேவை என்று கேட்டு, பணத்தை மட்டும் அனுப்பினோம்.

2012ஆம் ஆண்டில் நான் தனியாக மீண்டும் பந்தார் கெபாங்குக்குப் போனேன். மலை உயர்ந்திருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது ஆகியிருந்தது. சான்றிதழ் ஓராண்டு தாமதமாகக் கிடைத்தது என்றாள். நேரடியாகப் பள்ளியில் சேராமல், ‘பாக்கேட் பி’ எனப்படும் உயர்நிலைக்கு நிகரான தேர்வுக்குப் பிற்பகலில் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் இன்னும் அம்மாவோடு மலையேறினாள். கதைகளில் வருவதுபோல அவள் வாழ்க்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால், தன் பெயர் அச்சிட்ட அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தாள். அதை எடுத்து என்னிடம் காட்டியபோது, வாங்கிப் பார்ப்பதற்கு முன்பு நான் என் கைகளைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அந்த அம்மா என்னிடம் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை நீட்டினார். நான் கண்ணை மூடிக் கசக்கிப் பார்த்துச் சரியாகச் சொன்னேன். “பரவாயில்லையே, இபு குருவுக்கு வேலை கொடுக்கலாம்போல!” என்றார். மூவரும் சிரித்தோம்.

சிறுவயதில் எங்கள் அடுக்குமாடிக்குக் ‘கரங்குனி’ வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். பாட்டி பழைய செய்தித்தாள்களைக் கட்டி வைத்திருந்து, அவரிடம் பேரம் பேசி விற்பார். அவர் கையால் கட்டைத் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்வார். அவர் செய்ததும் அந்த அம்மா செய்வதும் ஏறத்தாழ ஒரே தொழில். இதை உணர எனக்கு இத்தனை ஆண்டுகளும் ஒரு கடற்பயண தூரமும் தேவைப்பட்டன.

நம் நாட்டில் குப்பைமலை கண்ணில் படுவதில்லை. லோரோங் ஹாலுஸில் இருந்த குப்பைமேடு 1999ஆம் ஆண்டு மூடப்பட்டது. இப்போது நம் குப்பை எரியாலைகளில் எரிக்கப்படுகிறது. சாம்பல் படகில் ஏற்றப்பட்டுச் செமக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. இப்போதுள்ள வேகத்தில் போனால் அந்த இடமும் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. கண்ணில் படவில்லை என்பதால் குப்பை இல்லாமல் போய்விடுவதில்லை.

மாணவர்களே, நீங்களும் ஒருநாள் தொண்டூழியம் செய்யப் புறப்படலாம். உதவும் எண்ணம் உங்களிடம் நிறைய இருக்கும். அதோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள்: “உங்களுக்கு என்ன வேண்டும்?” கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். நீங்கள் எதிர்பாராத பதிலாகவும் அது இருக்கலாம்.

இப்போதும் நாள்தோறும் அந்தக் குழாயின் மூடியைத் திறக்கிறேன். பையைப் போடுவதற்கு முன்பு அதிலுள்ள பிளாஸ்டிக்கைத் தனியாக எடுத்துக் கழுவி வைக்கிறேன். சில வேளைகளில் ஒன்றைக் கசக்கிப் பார்ப்பேன். சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன்.